குருதியிலுள்ள இரும்பை அளந்த வரலாறு



மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலே, மாலை வேளையிற் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு நீங்கள் சென்றிருப்பீர்களாயின், நான் சொல்லப்போகும் காட்சி உங்களுக்குப் புதியதன்று. கூடைகளை முதுகிலே சுமந்தவாறு பெண்கள் வரிசையாக வந்து நிற்பார்கள். தராசு தொங்கும். கணக்கப்பிள்ளை ஏட்டைத் திறந்து வைத்திருப்பார். நிறுவைக்காரர் எடையைச் சொல்லுவார். சொன்ன எடையிலிருந்து சாக்குக்கு இவ்வளவு, மழை நீருக்கு இவ்வளவு என்று ஒரு பகுதி கழிக்கப்படும். எஞ்சிய எடை தோட்டம் விதித்த அளவுக்குக் குறையாதிருந்தால் அன்றைக்கு முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். சிறுவனாக இருந்தபோது பாடசாலை விட்டதும் அவ்விடத்திலே என் அன்னையாருக்காகக் காத்திருந்தவன் நான். எடையைப் பற்றி அங்கே வழக்கு எழுந்ததை நான் அதிகம் கண்டதில்லை. கழிவைப் பற்றித்தான் நாள்தோறும் வழக்கு. ஈரத்துக்கு இத்தனை கிலோவா என்று ஒரு குரல் கேளாத மாலை என் நினைவில் இல்லை.

அந்தத் தராசு இலையை நிறுத்தது. இலையைக் கொய்த கைகளிலே ஓடிய குருதியில் இரும்பு எவ்வளவு இருந்தது என்பதை நெடுங்காலம் ஒருவரும் நிறுக்கவில்லை. நிறுக்கும் வழியும் அறியப்படவில்லை. அவ்வழி எவ்வாறு காணப்பட்டது, கண்டபின் அதன் எண்ணை எவ்வாறு வாசிக்கின்றனர் என்பதே இன்றைய பேச்சின் பொருள். நான் கலைப் பட்டதாரி; வரலாறு கற்பித்தவன். விஞ்ஞான ஆய்வுகூடத்திற்கு நான் அந்நியனே. ஆனால் இவ்வரலாற்றின் ஒரு முனை எங்கள் லயத்து வாசலிலே தொடங்குவதால் அதைப் பேசும் உரிமை எனக்குச் சிறிது உண்டென்று கருதுகிறேன்.

தோட்டத்து மக்களிடையே சோகை என்ற சொல் பழையது. முகம் வெளுத்து, கால் வீங்கி, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும் பெண்ணைப் பார்த்து முதியவர்கள் "இரத்தம் பத்தாது" என்று சொல்லிவிடுவர். கங்காணியின் அகராதியிலோ அதற்கு வேறு சொல் இருந்தது: சோம்பேறி. தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்தவர் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்து ஒரு மருந்து கொடுப்பார். நோயை அளந்த கருவி அக்காலத்தில் அவருடைய கண் ஒன்றுதான்.

சோகைக்குரிய காரணங்களிலே ஒன்று முதலில் அகப்பட்டது. 1838ஆம் ஆண்டில் இத்தாலியின் மிலான் நகரில் அஞ்செலோ துபினி என்னும் மருத்துவர், இறந்துபோன ஓர் உழவர் குலப் பெண்ணின் குடலிலே சிறு புழுவொன்றைக் கண்டார். அதுவே கொழுக்கிப்புழு. இது வாய்வழியாக மட்டுமே உடம்புக்குட் செல்வதன்று, வெறுங்காலின் தோலைத் துளைத்தும் செல்லும் என்பதை அந்நூற்றாண்டின் கடைசியில் எகிப்து நாட்டிலிருந்த ஆர்தர் லூஸ் என்னும் ஜெர்மானியர் காட்டினார். ஈரமண், நிழல், வெறுங்கால், மலசலகூடம் இன்மை ஆகிய நான்கும் ஒருங்கே கூடிய இடம் எதுவென்று எங்கள் மாணவரிடம் வினவினால், அவர்கள் வரைபடம் பார்க்க வேண்டியதில்லை. குடலைக் கவ்விய புழுவொன்று நாளொன்றுக்கு இழக்கச் செய்யும் குருதி மிகச் சிறிது. நெக்கேற்றர் என்ற இனத்துப் புழுவானால் ஒரு மில்லிலீட்டரின் நூற்றில் மூன்று பங்கே. ஆயினும் நூறு புழுக்கள் இருந்தால் நாள்தோறும் மூன்று மில்லிலீட்டர் போகிறது. அது மாதக் கணக்கிலும் ஆண்டுக் கணக்கிலும் போய்க்கொண்டே இருக்கிறது.

தோட்டத் தொழிலாளரின் வைத்தியத்தைப் பற்றி அரசு சட்டம் இயற்றியது கோப்பிக் காலத்திலேயே நிகழ்ந்தது. 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் அது. எனினும் கொழுக்கிப்புழுவை எதிர்த்து ஒழுங்கான இயக்கம் ஒன்று இந்நாட்டில் எழுந்தது முதலாம் உலகப் போரின் நடுவிலேதான். அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனத்தினரின் சார்பில் விக்டர் ஹெய்சர் 1915இல் இங்கு வந்தார். 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே பணி தொடங்கியது. கீனோப்போடியம் என்னும் எண்ணெயைக் கொடுத்துப் புழுக்களை வெளியேற்றினர். சோதிக்கப்பட்ட தொழிலாளருள் மிகப் பெரும்பாலானோரிடம் புழு இருந்தது. மருந்து குடித்தவர் மீண்டும் அதே மண்ணிலே வெறுங்காலோடு நடந்தனர். புழுவும் மீண்டும் வந்தது. மலசலகூடம் கட்டுவதற்கான செலவைக் கண்டு தோட்ட முதலாளிமார் முகம் சுளித்தனர். மருந்தால் மட்டும் ஆவதில்லை என்ற இந்தக் கசப்பான பாடத்துக்குப் பின்பே 1926இல் களுத்துறையிலே சுகாதாரப் பிரிவு என்னும் புதிய அமைப்பு தோன்றியது. அதன் கதை வேறு; இங்கு விரிக்கவில்லை.

புழுவை எண்ணலாம். சோகையை எப்படி அளப்பது? குருதியின் செந்நிறத்துக்குக் காரணமானது ஈமோகுளோபின் என்னும் புரதம். அதன் நடுவே இருப்பது இரும்பு. ஆகவே நிறத்தை அளந்தாற் போதும் என்று முற்காலத்தவர் எண்ணியது இயல்பே. பின்லாந்து நாட்டுத் தால்குவிஸ்ட் என்பவர் 1900ஆம் ஆண்டளவில், ஒற்றுத்தாளில் ஒரு துளி குருதியை ஊறவைத்து, அச்சடித்த சிவப்புக் கட்டங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முறையை அளித்தார். சுவிற்சர்லாந்தின் சாலி என்பவர் 1902இல் அமிலம் சேர்த்துக் குருதியைக் கபில நிறமாக்கி, கண்ணாடிக் குழாயில் நீர்விட்டு நீர்விட்டு நிறம் ஒத்துவரும் இடத்தை வாசிக்கச் செய்தார். எங்கள் நாட்டு வைத்தியசாலைகளிலே சாலியின் குழாயைக் கண்டவர் இன்னும் பலர் இருப்பர். இரண்டிலும் தீர்ப்புச் சொல்வது கண். சாளரத்தருகே வாசித்தால் ஓர் எண். மழை இருட்டிலே வாசித்தால் வேறோர் எண். நுவரெலியாவில் மழை இருட்டுக்குப் பஞ்சமில்லை. பிற்காலத்தில் மின்னொளிக் கருவியால் நிறத்தை அளக்கும் முறை வந்து, 1960களில் அதற்கு உலகப் பொது நியமமும் வகுக்கப்பட்டது.

இவ்விடத்தில் மலைநாட்டவர் அறிய வேண்டிய ஒரு செய்தி உண்டு. உயரமான இடத்தில் வாழ்வோரின் உடல், காற்றிலுள்ள ஒட்சிசன் குறைவை ஈடுசெய்யக் கூடுதலான ஈமோகுளோபினை ஆக்கிக்கொள்கிறது. கர்ப்பிணியல்லாத பெண்ணுக்குக் கடல் மட்டத்தில் டெசிலீட்டருக்கு 12 கிராம் என்பது எல்லைக்கோடு. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு அந்தக் கோட்டை ஏறத்தாழ ஒரு கிராம் உயர்த்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய நெறி. ஆகவே பன்னிரண்டரை கிராம் உள்ள பெண் கொழும்பிலே நலமுள்ளவள். நுவரெலியாவில் அவள் சோகையுற்றவள். ஒரே எண்ணுக்கு இரண்டு பொருள். எண் தனித்து நின்று பேசுவதில்லை என்பதற்கு இதைவிட எளிய சான்றை நான் கண்டதில்லை.

1970களிலே எங்கள் மலைநாட்டுப் பெண்கள் உலக மருத்துவ ஏடுகளில் இடம்பெற்றனர். பேராதனையைச் சேர்ந்த பேராசிரியர் செனவிரத்னவும், கலிபோர்னியாவிலிருந்து வந்த எட்ஜர்டன், கார்ட்னர் முதலியோரும் சேர்ந்து தேயிலைத் தோட்டத் தொழிலாளரை ஆராய்ந்தனர். 1977இல் வெளியான கட்டுரையில் எழுபத்தைந்து பெண்களை ஓடும் பட்டையின்மேல் நடக்கவிட்டுப் பார்த்த செய்தி உண்டு. அவர்களுள் ஈமோகுளோபின் மிகக் குறைந்தவருக்கு 6.1 கிராம், மிகுந்தவருக்கு 15.9. ஈமோகுளோபின் குறையக் குறைய உழைக்கும் திறன் குறைந்தது; இதயத் துடிப்பு ஏறியது. 1979இல் பிரித்தானிய மருத்துவ ஏட்டில் வெளிவந்த இரண்டாவது கட்டுரை இன்னும் நேராகத் தோட்டத்தைத் தொட்டது. ஒரு சாராருக்கு இரும்பு மருந்து கொடுத்து, அவர்கள் நாள்தோறும் பறித்த கொழுந்தை நிறுத்தனர். ஒரு மாத மருந்தின் பின்னர் ஈமோகுளோபின் உயர்ந்தவர்கள் கூடுதலான கொழுந்து பறித்தனர். ஆறுக்கும் ஒன்பது கிராமுக்கும் இடையில் இருந்த, மிகவும் சோகையுற்றவரிடமே முன்னேற்றம் மிகுதி. கங்காணியின் அந்தச் சொல்லுக்கு விடை, அவர் நம்பிய அதே தராசிலிருந்து கிடைத்தது. இக்கட்டுரைகள் இரண்டும் எங்கள் பாடசாலைகளில் வரலாற்றுப் பாடத்தோடு சேர்த்துப் படிக்கத்தக்கவை என்பது என் கருத்து; பாடத்திட்டக்காரர் இணங்கமாட்டார் என்பதும் தெரியும்.

ஆனால் ஈமோகுளோபின் ஒரு குறையுடைய சாட்சி. வீட்டிலே சோறு பொங்காமற் போவதற்கு நெடுநாள் முன்பே பானையில் அரிசி குறையத் தொடங்கிவிடுகிறது. அடுப்பைப் பார்ப்பவருக்கு அது தெரியாது. பானைக்குள் கையை விட்டுத் துழாவுபவளுக்கே தெரியும். உடலும் அப்படியே. சேமித்த இரும்பு முற்றாகத் தீர்ந்த பின்னர்தான் ஈமோகுளோபின் குறைகிறது. அந்தச் சேமிப்பை அறிய மருத்துவருக்கு முன்னர் இருந்த உறுதியான வழி, எலும்பைத் துளைத்து மச்சையை எடுத்து, இரும்பு நீலமாகத் தோன்றும்படி சாயமிட்டுப் பார்ப்பதே. நாலு பிள்ளை பெற்ற ஒரு கொழுந்துக்காரியிடம் போய், "அம்மா, உம் எலும்பைத் துளைக்க வேண்டும்" என்று சொல்லும் துணிவு யாருக்கு வரும்?

இரும்பைச் சேமித்து வைக்கும் புரதத்துக்குப் பெரிற்றின் என்று பெயர். 1937இல் செக்கோசிலோவாக்கியாவின் லௌபெர்கர் அதைக் குதிரையின் மண்ணீரலிலிருந்து பிரித்தெடுத்தார். இருபத்துநான்கு துண்டுகள் சேர்ந்து கோளமாகி, உள்ளே நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இரும்பணுக்களை அடக்கவல்ல அற்புதமான களஞ்சியம் அது. அதன் மிகச் சிறு பங்கு குருதியிலும் உலவுகிறது. எவ்வளவு சிறிது என்றால், ஒரு லீட்டர் நீர்ப்பாயத்தில் ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் சில பத்துப் பங்குகள். ஒரு லீட்டரில் ஒரு மைக்ரோகிராம் பெரிற்றின் இருந்தால், உடலில் ஏறக்குறைய எட்டு மில்லிகிராம் இரும்பு சேமிப்பில் இருப்பதாகக் கணக்கிடுவர். சேமிப்பை அறியும் சாவி இருந்தது. ஆனால் இத்துணைச் சிறிய அளவை நிறுக்கும் தராசு இருக்கவில்லை.

தராசு வேறொரு நோயிலிருந்து வந்தது. நியூயோர்க் நகரின் புறொங்ஸ் பகுதியிலிருந்த முன்னாட் படைவீரர் வைத்தியசாலையில் ரோசலின் யாலோ என்னும் பௌதிகவியல் அம்மையாரும் சொலமன் பேர்சன் என்னும் மருத்துவரும் நீரிழிவை ஆராய்ந்தனர். அம்மையாரின் முதல் ஆய்வுகூடம் துப்புரவுத் தொழிலாளி தட்டுமுட்டுச் சாமான் வைத்த அறை. கதிர்வீசும் அயடீனால் அடையாளமிட்ட இன்சுலினைச் செலுத்திப் பார்த்தபோது, முன்னரே இன்சுலின் ஏற்றிக்கொண்டவர்களின் உடலில் அது விரைவில் மறையாது தங்குவதைக் கண்டனர். உடல் அதற்கெதிராகப் பிறபொருளெதிரி என்னும் புரதத்தை ஆக்கி அதைப் பற்றிக்கொள்கிறது என்று முடிவு செய்தனர். இத்துணைச் சிறிய மூலக்கூற்றுக்குப் பிறபொருளெதிரி தோன்றாது என்பது அக்காலப் பண்டிதர் கொள்கை. கட்டுரையை ஏடுகள் திருப்பியனுப்பின; தலைப்பிலிருந்து அச்சொல்லை நீக்கிய பின்பே 1956இல் அது அச்சேறியது. 1960இல் அதே நிகழ்ச்சியைத் தலைகீழாகத் திருப்பி, குருதியிலுள்ள இன்சுலினை அளக்கும் முறையாக்கினர். பேர்சன் 1972இல் காலமானார். 1977இல் யாலோ அம்மையாருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, கட்டுரையை மறுத்து வந்த பழைய கடிதத்தையும் அவர் தம் பேருரையிலே எடுத்துக் காட்டினார். தம் முறைக்குக் காப்புரிமை பெற்றுச் செல்வம் தேட அவ்விருவரும் முயலவில்லை.

அம்முறையை நம் ஊர் வழக்கிலே விளக்குகிறேன். ஹட்டன் புகையிரத நிலையத்திலே நூறு இருக்கையுள்ள பெட்டியொன்று வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்புத் தலைப்பாகை கட்டிய நூறுபேர் ஏறக் காத்திருக்கின்றனர். வேறெவரும் இல்லையெனில் நூறு இருக்கையிலும் சிவப்பே தோன்றும். தலைப்பாகை இல்லாத இன்னொரு கூட்டமும் முண்டியடித்து ஏறினால், சிவப்பின் எண்ணிக்கை குறையும். வெளியே நின்று சிவப்பை மட்டும் எண்ணுபவன், தலைப்பாகையற்றோர் எத்தனை பேர் வந்தனர் என்று ஊகித்துவிடலாம். இருக்கை பிறபொருளெதிரி, சிவப்புத் தலைப்பாகை கதிர்வீசும் இன்சுலின், மற்றவர் நோயாளியின் சொந்த இன்சுலின். அளக்கப்படும் பொருள் கூடக்கூட எண்ணிக்கை குறைவது இம்முறையின் இயல்பு.

1968இல் மைல்ஸ், ஹேல்ஸ் என்னும் இருவர் அடையாளத்தைப் பயணியிலிருந்து கழற்றி இருக்கைக்கே பூட்டினர்; பிறபொருளெதிரியே கதிர்வீசலாயிற்று. அந்த வழியிலே 1972ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டின் கார்டிப் நகரில் அடிசன், ஜேக்கப்ஸ், ஹேல்ஸ் முதலியோர் குருதியிலுள்ள பெரிற்றினை முதன்முதலாகச் செம்மையாக அளந்தனர். எலும்பைத் துளைக்க வேண்டிய கடமை பெரும்பாலும் அன்றோடு ஒழிந்தது. அதற்கு ஓராண்டு முன்னரே சுவீடனில் எங்வால், பேர்ல்மன் என்போரும், ஒல்லாந்தில் மற்றொரு குழுவினரும் கதிர்வீச்சுக்குப் பதிலாக நொதியத்தை அடையாளமாக்கினர். நொதியம் நிறமற்ற நீரை நிறமாக்கும். நிறத்தின் அடர்த்தியை ஒளிமானி வாசிக்கும். தால்குவிஸ்டின் சிவப்புக் கட்டத்தில் தொடங்கிய பயணம் சுற்றிவந்து மீண்டும் நிறத்திலேயே நின்றதை எண்ணிப் புன்னகைக்கத் தோன்றுகிறது.

இனி, நிறத்தை எண்ணாக்கும் பகுதிக்கு வருவோம். பெரும்பாலோர் கருவியே விடையைச் சொல்லிவிடுகிறது என்று நம்புகின்றனர். கருவி சொல்வது ஒளி எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்பதை மட்டுமே. அதற்கும் பெரிற்றினுக்கும் உள்ள உறவை ஒவ்வொரு முறையும் புதிதாக நிலைநாட்ட வேண்டும். உள்ளங்கை அகலத் தட்டு ஒன்றில் எட்டு வரிசையாகப் பன்னிரண்டு பன்னிரண்டு என்று தொண்ணூற்றாறு குழிகள் உண்டு. அவற்றுட் சிலவற்றில் அளவு முன்கூட்டியே தெரிந்த பெரிற்றின் கரைசல்களை இடுவர்; இவை நியமங்கள். நம் தராசுக்கு எடைக்கல் எப்படியோ, அப்படி. ஒரு குழியில் பெரிற்றினே இல்லாத கரைசல். அதிலும் சிறிது நிறம் தோன்றும். அந்தச் சிறு நிறமே சாக்கின் எடை. எல்லா வாசிப்பிலிருந்தும் அதைக் கழித்தாக வேண்டும். ஒவ்வொரு மாதிரியையும் இரண்டு குழிகளில் இடுவது வழக்கம்; இரண்டும் ஒத்துவராவிட்டால் சராசரி எடுப்பது பாவம், மறுபடியும் செய்வதே முறை.

நியமங்களின் செறிவைக் கிடையாகவும் நிறத்தை நிலைக்குத்தாகவும் குறித்து இணைத்தால் நியம வளையி கிடைக்கும். இவ்வளையி நேர்கோடு அன்று. இதிலேதான் தவறு நுழைகிறது. ஓர் எடுத்துக்காட்டை என் பாடசாலைக் கணித ஆசிரியரோடு சேர்ந்து அமைத்தேன். நியமம் ஒன்று 4 மைக்ரோகிராம். கழிவு போக அதன் வாசிப்பு 0.30. அடுத்த நியமம் 36, வாசிப்பு 1.10. ஒரு பெண்ணின் மாதிரி இரண்டு குழிகளிலும் 0.76, 0.74 என வாசிக்கப்படுகிறது; சராசரி 0.75. வெற்றுக் குழியின் 0.05ஐக் கழித்தால் 0.70. இது 0.30க்கும் 1.10க்கும் சரிநடுவே நிற்கிறது. ஆகவே 4க்கும் 36க்கும் நடுவான 20 என்று சொல்லத் தோன்றும். நலமுள்ள பெண்ணுக்கு எல்லை 15 ஆதலால், இவளிடம் இரும்பு போதுமென்று எழுதி அனுப்பிவிடலாம்.

ஆனால் இத்தகைய சோதனையில் நிறம் செறிவோடு நேராக ஏறுவதில்லை. வளையியின் நடுப்பகுதியில் அது செறிவின் மடக்கையோடு ஏறத்தாழ நேராக ஏறுகிறது. மடக்கை அளவிலே 4க்கும் 36க்கும் நடுவானது எது? நாலின் மும்மடங்கு பன்னிரண்டு. பன்னிரண்டின் மும்மடங்கு முப்பத்தாறு. விடை 12. எல்லைக்குக் கீழே! ஒரே குருதி, ஒரே நிறம், ஒரே கருவி. வரைதாளை மாற்றியவுடன் இரும்புள்ளவள் இரும்பற்றவள் ஆகிறாள். மருந்து பெறுவதும் பெறாமற் போவதும் அந்தத் தாளிலே தங்கியிருக்கிறது. இடையிலே 12 அளவுள்ள நியமம் ஒன்றை வைத்திருந்தால் இந்த வழக்கே எழாது என்று கணித ஆசிரியர் சொன்னார். அது பெரிதும் சரியே. எடைக்கற்கள் நெருக்கமாக இருந்தாற் தவறு குறையும்.

முழு வளையியை நோக்கின் அது சாய்ந்த எஸ் எழுத்தைப் போன்றது. அடியிலே தட்டையாகத் தொடங்கி, நடுவிலே செங்குத்தாக ஏறி, இருக்கைகள் நிரம்பியதும் மேலே மீண்டும் தட்டையாகிறது. இவ்வடிவத்துக்குரிய சமன்பாட்டைப் பெல்ஜிய நாட்டு வெர்ஹுல்ஸ்ட் 1838இல் மக்கட்தொகை பெருகுவதைக் கணிக்கவே வகுத்தார். துபினி புழுவைக் கண்ட அதே ஆண்டு! ஒருவரையொருவர் அறியாத இருவர் ஒரே ஆண்டில் விட்டுச்சென்ற இரண்டு பொருள்கள், நூற்று முப்பது ஆண்டுகளின் பின் ஒரே பெண்ணின் குருதியிலே சந்தித்தன. 1970களில் இங்கிலாந்தின் ஹீலி, அமெரிக்காவின் ரொட்பார்ட் முதலியோர் அச்சமன்பாட்டை இச்சோதனைகளுக்குப் பொருத்தினர். அடித்தட்டின் உயரம், மேற்தட்டின் உயரம், நடுப்புள்ளியின் செறிவு, ஏற்றத்தின் செங்குத்து என நான்கு எண்களால் முழு வளையியும் அமைந்துவிடும். இன்று கணினி அதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்கிறது. செய்யட்டும், ஆனால் நியமப் புள்ளிகள் வளையியின்மேல் உண்மையிலே அமர்ந்துள்ளனவா என்று மனிதர் ஒருவர் பார்க்க வேண்டியிருக்கிறது.

வளையியின் இரு முனைகளிலும் கவனம் வேண்டும். கடைசி நியமத்துக்கு அப்பால் கோட்டை நீட்டி வாசிப்பது, ஐம்பது கிலோ வரையுமே குறியிட்ட தராசிலே எண்பது கிலோவைக் கண்ணால் மதிப்பதற்கு ஒப்பானது. நிறம் மிகுந்தால் மாதிரியை நீரியலாக ஐதாக்கி மீண்டும் வாசித்து, ஐதாக்கிய மடங்கால் பெருக்க வேண்டும். பத்து மடங்கு ஐதாக்கிவிட்டுப் பெருக்க மறந்தால், 120 உள்ளவர் 12 ஆகிவிடுவார். இன்னொரு விந்தையும் உண்டு. இரண்டு பிறபொருளெதிரிகளுக்கிடையே பெரிற்றினைப் பிடிக்கும் முறையில், எல்லாவற்றையும் ஒரே வேளையிற் கலந்தால், பெரிற்றின் மிதமிஞ்சியிருக்கும்போது ஒவ்வொரு பிறபொருளெதிரியும் வெவ்வேறு பெரிற்றினைப் பற்றிக்கொண்டு, இணைப்பு நிகழாமல் நிறம் குறைந்துவிடும். ஏறிய வளையி கீழ்நோக்கி வளையும். அவ்வடிவைப் பார்த்து ஆங்கிலத்தில் அதற்கிட்ட பெயரின் பொருள், கொழுக்கி விளைவு. கொழுக்கிப்புழுவால் இழந்த இரும்பை அளக்கப் போன இடத்திலும் ஒரு கொழுக்கி காத்திருந்தது.

எடைக்கல் சரியானதென்று யார் சொல்வது? தோட்டத் தராசுக்கு அரசினர் முத்திரை உண்டு. பெரிற்றினுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேச நியமம் உண்டு. முதலில் அது மனித ஈரலிலிருந்தும், பின்னர் மண்ணீரலிலிருந்தும், அதன்பின் மரபணுப் பொறியியலாலும் ஆக்கப்பட்டது. கொழும்பிலே வாசித்த 12உம் கார்டிப்பிலே வாசித்த 12உம் ஒன்றாக இருப்பதற்கு அதுவே ஆதாரம்.

இவ்வளவும் செய்து பெற்ற எண்ணும் பிழையாக வாசிக்கப்படலாம். என் தங்கையின் மகள் கொழுந்தெடுப்பவள். சில ஆண்டுகளுக்கு முன் காய்ச்சலோடு மருந்துக்குப் போனவளின் பெரிற்றின் 41 என்று சீட்டு வந்தது. இரும்பு போதும் என்று அனுப்பிவிட்டனர். அவளோ லயத்துப் படியை ஏறி முடிக்குமுன் இரண்டு முறை உட்கார்ந்தாள். அடுத்த மாதம் காய்ச்சல் நீங்கியபின் வேறிடத்திற் சோதித்தபோது வந்த எண் 9. முதல் எண் பொய்யன்று. உடலில் அழற்சி இருக்கும்போது பெரிற்றின் தானாகவே உயரும் என்பது மருத்துவம் நன்கறிந்த செய்தி. அதனாலேதான் உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட நெறியில், வளர்ந்தோருக்கு நலமுள்ள வேளையில் 15 என்ற எல்லையும், தொற்றோ அழற்சியோ உள்ள வேளையில் 70 என்ற எல்லையும் தனித்தனியே குறித்தது; ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அவை முறையே 12, 30. அழற்சியைக் காட்டும் வேறொரு புரதத்தையும் உடன் அளக்கச் சொல்கிறது. 41 என்ற எண்ணை 70க்கு எதிரே வைத்துப் பார்த்திருந்தால் அவளுக்கு ஒரு மாதம் வீணாகியிராது.

அவளிடம் நான் சொல்லத் தயங்கிய செய்தி ஒன்றும் உண்டு. உணவோடு அருந்தும் தேநீர், தாவர உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்பதைப் பெரிதும் தடுக்கிறது. 1975இல் தென்னாபிரிக்காவில் இது அளந்து காட்டப்பட்டது. விடியுமுன் ரொட்டியும் சம்பலும் சாயத் தண்ணியுமாக உண்டு பிரட்டுக்குப் போகும் பெண்ணிடம், உன் கைபட்ட இலையே உன் இரும்பைத் தடுக்கிறது என்று எப்படிச் சொல்வது? பிறகு சொன்னேன். ரொட்டி தின்று ஒரு மணிநேரங் கழித்துக் குடி என்றேன். "மாமா, ஒரு மணிநேரங் கழிச்சு நான் மலையில நிப்பேன். அங்க யாரு சாயம் ஊத்தித் தருவா?" என்றாள். அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை. இப்போது மாத்திரையை இரவில், தேநீர் இல்லாமல் விழுங்குகிறாள்.

சென்ற தவணையில் பத்தாம் வகுப்பு மாணவருக்கு அந்த 4, 36 கணக்கை வரைதாளில் இட்டுக் காட்டினோம். பெரும்பாலோர் 20 என்றே எழுதினர். மடக்கைத் தாளைக் கொடுத்தபின் 12 என்று திருத்தினர். கடைசி வாங்கிலிருந்த ஒரு பெண்பிள்ளை மட்டும் தாளைத் திருத்தாமல் எழுந்து, "ஐயா, எங்கள் தோட்டத்தில் ஈரத்துக்குக் கழிக்கிறார்களே, அதற்கு நியமம் யாரிடம் இருக்கிறது?" என்று கேட்டாள். கணித ஆசிரியர் என்னைப் பார்த்தார். அடுத்த கிழமை வரலாற்றுப் பாடவேளையில் அதை எடுத்துக்கொள்வதாக அவளுக்கு வாக்களித்திருக்கிறேன்.